ஆங்கிலத்தில் முனைவர் பட்டம்: வாசலும் வழியும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்த பெண்கள் நிறையப் பேர் உண்டு. கல்யாணம், குழந்தை, ஊர் மாற்றம் என்று படிப்பு அத்தோடு நின்றிருக்கும். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து பிஎச்.டி. ஆசை எட்டிப் பார்க்கும். "மாமா, எனக்கு நாற்பத்தொண்ணு ஆச்சு, இனிமே யாரு சேர்த்துக்குவாங்க?" என்று சென்ற பொங்கல் விழாவில் ஒரு பெண் என்னிடம் கேட்டார். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக்கொண்டு கேட்டதுதான் எனக்கு வருத்தம். அரிசி வியாபாரியிடம் இதைக் கேட்பானேன் என்று தோன்றலாம். ஒப்பந்தத்தை வரி விடாமல் படிப்பது எங்கள் தொழிலில் வந்த பழக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளையும் அப்படித்தான் படித்தேன்.

இன்று நடைமுறையில் இருப்பவை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள். இவற்றில் பிஎச்.டி. சேர உச்ச வயது வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. வயது வரம்பு வருவது ஜே.ஆர்.எஃப். என்னும் உதவித்தொகைக்குத்தான். அதற்கு முப்பது வயது வரை. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலரும் பின்வாங்குகிறார்கள். நாற்பத்தொரு வயதில் அந்த உதவித்தொகை கிடைக்காது, இடம் கிடைக்கும்.

மதிப்பெண் விஷயம் எளிது. எம்.ஏ.வில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் இனத்தார், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வரும் பிற்பட்ட வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு. நான்காண்டு இளங்கலை படித்தவர்கள் 75 விழுக்காடு பெற்றிருந்தால் எம்.ஏ. இல்லாமலே நேராக விண்ணப்பிக்கலாம். இது இப்போதைய பிள்ளைகளுக்கான வழி. முன்பு எம்.ஃபில். என்று ஒரு படி நடுவில் இருந்தது. 2022 விதிகள் அதை நிறுத்திவிட்டன. "ஒரு வருஷத்தில் எம்.ஃபில். வாங்கித் தருகிறோம்" என்று இன்றும் யாராவது சொன்னால் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அஞ்சல்வழியிலும் இணையவழியிலும் பிஎச்.டி. கிடையாது. ஆனால் பகுதி நேரமாகச் செய்யலாம். வேலையில் இருப்பவர் நிர்வாகத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பொன்னாடை போர்த்தி 'டாக்டர்' ஆக்கும் மேடைகளைப் பற்றி இங்கே எழுத இடம் வீண்.

அடுத்தது நுழைவு. 2024-25 கல்வியாண்டு முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று மானியக் குழு 2024 மார்ச்சில் அறிவித்தது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் போன்றவை உடனே அதற்கு மாறின. தாமே தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அங்கே கேள்விகளில் பாதி ஆய்வு நெறிமுறை, பாதி பாடம். நெட்டில் முதல் தாள் எல்லாருக்கும் பொது, 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் ஆங்கிலப் பாடம், 100 கேள்வி, 200 மதிப்பெண். மொத்தம் மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பாடத்திட்டத்தில் நாடகம், கவிதை, புனைகதை என்று பழைய பகுதிகளோடு இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடுகள் எல்லாம் உண்டு. பழைய எம்.ஏ. குறிப்புகளை மட்டும் நம்பிப் போகிறவர்கள் இந்தக் கடைசிப் பகுதிகளில்தான் தடுமாறுகிறார்கள். ஜே.ஆர்.எஃப். பெறாதவர்களுக்குத் தேர்வு மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு என்று கணக்கிடுவார்கள். அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும்.

நேர்காணலில்தான் உண்மையான வாசல் இருக்கிறது. "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பார்கள். "ஷேக்ஸ்பியரில் பெண்கள்" என்றால் அது தலைப்பு, கேள்வி அல்ல. கேள்வி என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. திருக்குறளை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் 1886-இல் வெளியிட்டார். அ. சக்கரவர்த்தி நயினார் தம் ஆங்கில மொழிபெயர்ப்பை விளக்கத்தோடு 1953-இல் வெளியிட்டார். ஒருவர் கிறித்துவப் பாதிரியார், மற்றவர் எங்கள் சமணப் பேரறிஞர். 'ஆதிபகவன்', 'வினை', 'துறவு' ஆகிய சொற்களுக்கு இருவரும் எந்த ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தார்கள், அதனால் நூலின் பொருள் எப்பக்கம் சாய்ந்தது? இதற்கு ஆங்கிலமும் வேண்டும், தமிழும் வேண்டும். மொழிபெயர்ப்பாய்வு ஆங்கிலத் துறைகளில் நன்றாக வேரூன்றிய பிரிவு. ஊர் விட்டு வந்த நம் பெண்களுக்கு வீட்டுத் தமிழ் ஒரு முதல். அதை ஏன் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்? இதே பொருளில் முன்பே யார் என்ன செய்தார்கள் என்று பார்க்க, காந்திநகர் இன்ஃபிளிப்நெட் நடத்தும் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அங்கே நாலைந்தாவது படித்துவிட்டுப் போங்கள்.

நெறியாளரைத் தேர்வதிலும் கணக்கு இருக்கிறது. பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நாலு பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. எவ்வளவு பெரிய அறிஞரானாலும் அவரிடம் இடம் காலியா, எப்போது ஓய்வு என்று மரியாதையாக விசாரித்துக்கொள்வது நல்லது.

சேர்ந்த பிறகு குறைந்தது 12 கிரெடிட் பாடப்பயிற்சி. ஆய்வு அறநெறிப் பாடமும் அதில் சேரும். இதிலும் 55 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆலோசனைக் குழுவின் முன் செய்ததைச் சொல்ல வேண்டும். காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு. இரண்டு ஆண்டு நீட்டிப்பு கேட்கலாம். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு, ஆக மொத்தம் பத்து. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை தனியாக உண்டு. வீட்டையும் படிப்பையும் சேர்த்து இழுக்கிறவர்களுக்கு இந்த வரிகள் எவ்வளவு பெரிய துணை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 விதிகளில் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்தே ஆக வேண்டும் என்றிருந்தது. 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். காசு வாங்கி அச்சிடும் இதழ்களுக்கு அது ஒரு வியாபாரமாகவே இருந்தது.

எழுத்துத் திருட்டில் மட்டும் தயவு கிடையாது. 2018 விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் திருத்தித் தர வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஆய்வேட்டை நெறியாளரோடு வெளியார் இருவராவது மதிப்பிடுவார்கள். ஆறு மாதத்துக்குள் இந்த வேலை முடிய வேண்டும் என்பது விதி. பிறகு வாய்மொழித் தேர்வு. துறை ஆசிரியர்கள், மற்ற ஆய்வு மாணவர்கள், ஆர்வமுள்ள ஆய்வாளர்கள் எல்லாரும் அதில் வந்து உட்காரலாம். சேரும் எண்ணம் இருக்கிறவர்கள் துறையில் கேட்டு, ஒன்றிரண்டு தேர்வுகளில் கடைசி வரிசையில் இருந்து கேட்டுப் பாருங்கள். என்ன மாதிரிக் கேள்வி வருகிறது என்பது அங்கேதான் தெரியும்.