ஒரு துளியில் எத்தனை தட்டணுக்கள்?

டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலத்தில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழும். நேற்று 1,00,000, இன்று 92,000 என்றால் வீட்டிலுள்ளோர் கலங்கிவிடுகின்றனர். இந்த எண் எப்படிக் கிடைக்கிறது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பார்ப்போமா?

நம் இரத்தத்திலுள்ள அணுக்களில் மிகச் சிறியவை தட்டணுக்கள். குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான்தான். ஏறத்தாழ 400 தட்டணுக்களை வரிசையாக அடுக்கினால் 1 மில்லிமீட்டர் நீளம் வரும்! எலும்பு மஜ்ஜையிலுள்ள மிகப் பெரிய செல்களின் துண்டுகளே இவை. உட்கரு கிடையாது, ஆயுள் 8 முதல் 10 நாள்கள். இரத்தக் குழாயில் காயம் பட்டால் அங்கே ஒட்டித் திரண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. இரத்தம் உறைவதில் இவற்றுக்குள்ள பங்கை 1882-இல் விளக்கியவர் இத்தாலிய மருத்துவர் பிட்சோசெரோ. நலமாக இருப்பவரின் 1 கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பொதுவாக 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும்.

இத்தனை லட்சத்தை எப்படி எண்ணுவது? பழைய முறையில் இரத்தத்தை 100 மடங்கு நீர்க்கச் செய்து, கோடுகள் வரைந்த கண்ணாடித் தகட்டில் இட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எண்ணும் சதுரத்தின் பக்கம் 1 மி.மீ.; திரவத்தின் ஆழம் 0.1 மி.மீ. ஆகவே கன அளவு 0.1 கன மி.மீ. அதில் 100 தட்டணுக்கள் தெரிந்தால், 100 × 10 × 100 = 1,00,000.

இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. தற்செயலாகச் சிதறிக் கிடப்பவற்றை எண்ணினால், எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குக் கூடவோ குறையவோ வருவது இயல்பு. கதிரியக்கத் துகள்களை எண்ணுவோரும் இந்த விதியையே கையாள்கின்றனர். 100-இன் வர்க்கமூலம் 10. அதாவது, 1,00,000 என்ற விடையில் 10,000 வரை ஏற்ற இறக்கம் சாதாரணம். இம்முறையில் 92,000 என்று வந்தால், உண்மையிலேயே குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது அல்லவா?

அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறை வேறு. உப்புக் கரைசலில் மிதக்கும் அணுக்கள், மின்னோட்டம் பாயும் நுண்துளை வழியே செல்கின்றன. அணு மின்சாரத்தை நன்கு கடத்தாது. எனவே ஒவ்வோர் அணு நுழையும்போதும் மின்தடை கணநேரம் உயர்கிறது. துடிப்பின் எண்ணிக்கை அணுக்களின் எண்ணிக்கை; துடிப்பின் உயரம் அணுவின் பருமன். ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் பிழை வெகுவாகக் குறைகிறது.

ஆனால் இயந்திரமும் ஏமாறும். இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருளால் சிலருடைய தட்டணுக்கள் சோதனைக் குழாயிலேயே கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கொத்து பெரிதாக இருப்பதால் இயந்திரம் அதைத் தட்டணுவாகக் கணக்கிடாது. உடலில் குறையே இல்லாதபோதும் எண் குறைவாக வரும்! நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று: டெங்குவில் பெரிய ஆபத்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவதுதான். அதனால்தான் மருத்துவர் இரத்த அழுத்தத்தையும், இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தையும் சேர்த்துக் கவனிக்கிறார். காய்ச்சல் இறங்கும் வேளையில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம் ஆகியவை தோன்றினால், எண் எதுவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாக விழுங்கக் கூடாது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளில் 25 சம கட்டங்கள் வரைந்து, 100 நொய்யரிசியைப் பரவலாகத் தூவுங்கள். சராசரி, கட்டத்துக்கு 4. ஆனால் ஒன்றில் 2 இருக்கும். மற்றொன்றில் 6 இருக்கும். அரிசி குறையவுமில்லை, கூடவுமில்லை!