உஷார்! பழைய டிஸ்க்கைப் புது நாஸ் பெட்டியில் செருகும் முன்...

புது நாஸ் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டதா? பழைய பெட்டியிலிருந்து டிஸ்க்குகளைக் கழற்றி இதில் மாட்டினால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னார்களா? கையிலுள்ள ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். வருடக்கணக்காகச் சேர்த்த குடும்பப் படங்கள், கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்துவைத்த பத்திரங்கள் அத்தனையும் ஒரே சொடுக்கில் போகக்கூடிய வேளை இதுதான். கொடுமை என்னவென்றால், இப்படிப் போகும்போது டிஸ்க் எதுவும் பழுதாகியிருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நம் கையாலேயே அழித்துவிடுகிறோம்.

நாஸ் என்பது ரவுட்டரோடு இணைந்து நின்று, தன்னிடமுள்ள ஹார்டு டிஸ்க்குகளை வீட்டிலுள்ள கம்ப்யூட்டர், போன், டிவி எல்லாவற்றுக்கும் பொதுவாக்கித் தரும் ஒரு சிறு கம்ப்யூட்டர். சில வருடங்களில் அதன் பிராசஸர் திணறத் தொடங்கும். கம்பெனியும் அப்டேட் தருவதை நிறுத்திவிடும். ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்க்குகள் இன்னும் நன்றாகவே ஓடும். பெரும்பாலான வீடுகளில் பெட்டியைவிட டிஸ்க்குகளுக்குத்தான் அதிகப் பணம் போயிருக்கும். அதனால் பெட்டியை மட்டும் மாற்றுவோம் என்று நினைப்பது நியாயம்தான். அப்படி மாற்றவும் முடியும். ஆனால் எல்லாப் பெட்டியிலிருந்தும் எல்லாப் பெட்டிக்கும் முடியாது.

அது பென் டிரைவ் அல்ல

பென் டிரைவை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் ஃபைல் தெரியும். நாஸ் டிஸ்க் அப்படியல்ல. நான்கு டிஸ்க் உள்ள பெட்டியில் ஒரு வீடியோ பெரும்பாலும் துண்டு துண்டாக நான்கிலும் பரவிக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, ஒரு டிஸ்க் போனால் மற்றவற்றைக் கொண்டு அதை எப்படி மீட்பது என்ற கணக்கெல்லாம் பழைய பெட்டியின் மென்பொருள் போட்டுவைத்தது. புதுப் பெட்டிக்கு அந்தக் கணக்கு புரிந்தால் பிழைத்தோம். புரியாவிட்டால் அதன் கண்ணுக்கு இவை வெறும் காலி டிஸ்க்குகள்.

அப்போது திரையில் என்ன வரும் தெரியுமா? பயமுறுத்தும் சிவப்பு எழுத்து எதுவும் வராது. "டிஸ்க்குகளைத் தயார் செய்யவா?" என்கிற பாணியில் மரியாதையாக ஒரு கேள்வி வரும். "டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்" என்பது அதன் கீழே ஒரு வரியாக இருக்கும். பக்கத்தில் ஒரு டிக் பெட்டி, கீழே "நெக்ஸ்ட்" பட்டன். புதுப் பொருள் வந்த உற்சாகத்தில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "மைக்ரேட்", "இம்போர்ட்" என்று வந்தால், பெட்டி உங்கள் பழைய டிஸ்க்கை அடையாளம் கண்டிருக்கிறது. "இனிஷியலைஸ்", "ஃபார்மேட்", "கிரியேட் பூல்" என்று வந்தால் எதையும் தொடாதீர்கள். பெட்டியை அணைத்து டிஸ்க்குகளை வெளியே எடுங்கள்.

எது எதற்குப் போகும்?

சினாலஜி கம்பெனியின் பெட்டியிலிருந்து இன்னொரு சினாலஜி பெட்டிக்குப் பெரும்பாலும் போகும். அதற்கென்றே மைக்ரேஷன் வழி இருக்கிறது. எந்த மாடலிலிருந்து எந்த மாடலுக்கு மாறலாம் என்று கம்பெனியே பட்டியல் தருகிறது.

க்யூநேப் கம்பெனியில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. அதன் பெட்டிகளில் க்யூடிஎஸ், க்யூடிஎஸ் ஹீரோ என்று இரண்டு மென்பொருள்கள் ஓடுகின்றன. முதலாவது எக்ஸ்ட்4 முறையில் எழுதுகிறது. இரண்டாவது இசட்எஃப்எஸ் முறையில். பெட்டி மேல் இருப்பது ஒரே பெயர்தான். ஆனால் முதலாவதில் ஓடிய டிஸ்க்கை இரண்டாவதில் போட்டால் புதிதாக ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டும்.

பிராண்டு மாறினால் பேச்சே இல்லை. சினாலஜி டிஸ்க்கை க்யூநேப்பிலோ, க்யூநேப் டிஸ்க்கை ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருள் ஓடும் பெட்டியிலோ போட்டால் அது அழிக்கத்தான் கேட்கும்.

சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டி ட்ரூநாஸ் ஓட்டுபவர்களுக்கு வழி சுலபம். பழைய இடத்தில் பூலை, அதாவது டிஸ்க்குகளின் தொகுப்பை, எக்ஸ்போர்ட் செய்து, புது இடத்தில் இம்போர்ட் செய்தால் போதும். ஆனால் நடுவில் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் ஹார்டுவேர் ரெய்டு கார்டு இருந்தால் இந்தச் சுலபம் போய்விடும். டிஸ்க்கில் இருப்பது அந்தக் கார்டின் கணக்கு. கார்டு மாறினால் படிக்க ஆள் இல்லாமல் போகலாம். "பூலை அப்கிரேட் செய்யவா" என்று வரும் கேள்விக்கும் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். அப்கிரேட் செய்த பூலைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம். திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிடும்.

ஒரே கம்பெனிதானே என்று அசந்துவிடாதீர்கள்

சினாலஜியிலேயே கவனிக்க வேண்டியவை இவை.

கேஷ் எஸ்எஸ்டி: படிக்க, எழுத இரண்டுக்கும் கேஷ் போட்டிருந்தால், டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத தரவு அந்த எஸ்எஸ்டியிலேயே இருக்கும். கேஷை மென்பொருள் வழியாக முறையாக நீக்கிவிட்டுத்தான் பெட்டியை அணைக்க வேண்டும்.

சாவி: சினாலஜி பெட்டிகளில் ஓடும் மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.2 பதிப்பு, 2023இல் வந்தது, முழு வால்யூமையும் என்கிரிப்ட் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. பூட்டைத் திறக்கும் சாவி வழக்கமாகப் பழைய பெட்டிக்குள்ளேயே இருக்கும். புதுப் பெட்டி மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி ஃபைலை அதே நாஸுக்குள்ளேயே வைத்திருந்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியதாகத்தான் அர்த்தம்.

16 டெராபைட்: பழைய 32 பிட் பிராசஸர் பெட்டியில் உருவாக்கிய வால்யூம் 16 டெராபைட்டைத் தாண்டாது. சக்தி வாய்ந்த புதுப் பெட்டிக்கு மாற்றினாலும் இந்த வரம்பு கூடவே வரும். அதை உடைக்க வால்யூமை அழித்துப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

டிஸ்க் கட்டுப்பாடு: 2025 ஏப்ரலில் சினாலஜி, அந்த ஆண்டின் பிளஸ் மாடல்களில் தன் சொந்த அல்லது தான் சான்றளித்த டிஸ்க்குகளுக்கே முழு ஆதரவு என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, அக்டோபரில் டிஎஸ்எம் 7.3 வந்தபோது ஹார்டு டிஸ்க்குகளுக்கும் சாட்டா எஸ்எஸ்டிகளுக்கும் அதைத் தளர்த்தியது. நேற்றுவரை செல்லுபடியான விதி நாளைக்கு மாறலாம் என்பதற்கு இதுவே சாட்சி. பெட்டிக்குப் பணம் கட்டும் முன் உங்கள் டிஸ்க் மாடல் எண்ணை அன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டி சொல்லாமல் செத்துப்போனால்?

இது கற்பனை அல்ல. இன்டெலின் ஆட்டம் சி2000 வரிசைச் சிப்களில் கிளாக் சிக்னல் தரும் பகுதி காலப்போக்கில் செயலிழக்கும் குறை இருப்பது 2017இல் வெளியே தெரிந்தது. சினாலஜியின் டிஎஸ் 1515 பிளஸ், டிஎஸ் 1815 பிளஸ் போன்றவற்றில் இருந்தது இந்தக் குடும்பச் சிப்தான். கம்பெனி அவற்றுக்கு வாரன்டியை ஒரு வருடம் நீட்டித்தது. இப்படிப்பட்ட பெட்டி ஒரு நாள் பூட் ஆகாமல் நின்றுவிடும். டிஸ்க்குகள் அத்தனையும் நலமாக இருக்கும். ஆனால் ஃபைல் எதுவும் கைக்கு வராது. அந்தப் பதற்றத்தில் ஆஃபரில் கிடைத்த ஏதோ ஒரு பெட்டியை வாங்கிச் செருகுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான காரியம். அதே கம்பெனியின் பொருத்தமான மாடல் கிடைக்கும்வரை பொறுங்கள். சினாலஜி டிஸ்க்குகளாக இருந்தால், உபுண்டு லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் இணைத்துத் தரவை எடுக்கும் முறையைக் கம்பெனியே வெளியிட்டிருக்கிறது.

"எங்கள் வீட்டில் ரெய்டு இருக்கிறதே!"

ரெய்டு என்பது பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓடவைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். நீங்கள் "ஃபார்மேட்" அழுத்தினால் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து கீழ்ப்படியும்.

அது மட்டுமல்ல. ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடிய டிஸ்க்குக்கு, ஒரு முறை நின்று ஆறி மீண்டும் சுழலத் தொடங்குவது கடினமான வேளை. இடமாற்றத்தில் ஒரு டிஸ்க் பழுதானால், ரெய்டு 5இல் மிச்சமுள்ள எல்லா டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துத்தான் மாற்று டிஸ்க்கை நிரப்ப முடியும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றின் விவரத் தாளில், படிக்கும் 12.5 டெராபைட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை என்பது வரம்பாகக் குறிக்கப்பட்டிருக்கும். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் குடும்பத்தின் ஒரே பிரதியை அந்த நம்பிக்கையில் விடலாமா?

இடமாற்றத்தோடு புதிதாக ஒரு டிஸ்க்கும் சேர்ப்பதாக இருந்தால் இன்னும் ஒரு எச்சரிக்கை. டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் டிஸ்க்குகள் சிலவற்றில், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் முறை இருந்ததும், அது வாங்குபவருக்குச் சொல்லப்படாததும் 2020இல் அம்பலமானது. தொடர்ந்து எழுதும்போது இத்தகைய டிஸ்க் மிகவும் மந்தமாகும். ரெய்டு அதைச் செத்த டிஸ்க் என்று எண்ணி வெளியே தள்ளவும் கூடும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை என்று உறுதிசெய்துகொண்டே வாங்குங்கள்.

தொடும் முன் இந்த வரிசையில் செய்யுங்கள்

1. முதலில் தனிப் பிரதி. நாஸில் உள்ள எல்லாவற்றையும், இடம் போதாவிட்டால் திரும்பக் கிடைக்காதவற்றையாவது, யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். எடுத்த பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, சில படங்களையும் ஒரு நீள வீடியோவையும் திறந்து பாருங்கள்.

2. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்களின் கச்சா மதிப்பு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். கூடியிருந்தால் அந்த டிஸ்க்கை முதலில் மாற்றுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிள் அல்லது இணைப்பின் மீது சந்தேகப்படுங்கள்.

3. இரண்டு பெட்டிகளின் மென்பொருள் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியதில் அதே பதிப்போ மேலானதோ இருக்க வேண்டும். செட்டிங்ஸ் கோப்பையும் மீட்புச் சாவியையும் நாஸுக்கு வெளியே சேமியுங்கள்.

4. ஒவ்வொரு டிஸ்க்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று ஸ்லாட் எண்ணை எழுதுங்கள். சீரியல் எண் தெரியும்படி போனில் படமும் எடுத்துவையுங்கள். அதே வரிசையில்தான் புதியதில் மாட்ட வேண்டும்.

5. மென்பொருள் வழியாக அணைத்து, டிஸ்க் சுழல்வது நின்ற பிறகு கழற்றுங்கள். புதுப் பெட்டியை யுபிஎஸ்ஸில் இணைத்த பிறகே ஆன் செய்யுங்கள். மைக்ரேஷன் நடுவில் கரண்ட் போனால் நிலைமை மோசமாகும்.

6. யுஎஸ்பி கூட்டை உடைத்து எடுத்த டிஸ்க் புதுப் பெட்டியில் சுழலவே இல்லையா? செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். சில டிஸ்க்குகளுக்குச் சாட்டா பவர் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அதுவே "அணைந்திரு" என்ற கட்டளை. சொந்தமாகக் கட்டிய கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கிறது.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா?

உடனே அணையுங்கள். ஃபார்மேட் முடிந்த கணத்தில் எல்லாத் தரவும் அழிந்துவிடுவதில்லை. அதன் மேல் புதிதாக எழுத எழுதத்தான் மீட்கும் வாய்ப்பு குறையும். மறுபடி பூல் உருவாக்கிப் பார்ப்பது, டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகிப் பார்ப்பது, ரிப்பேர் கட்டளை கொடுத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். ஸ்லாட் எண்களோடு டிஸ்க்குகளை எடுத்து, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். அவர் மூல டிஸ்க்கைத் தொடாமல் அதன் நகலில் வேலை செய்வாரா என்று கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் பழைய பெட்டியை அன்றைக்கே விற்றுவிடாதீர்கள். யுஎஸ்பி பிரதியையும் அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் ஓடவிடுங்கள். எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்து, புதுப் பெட்டி தானாகவே தினமும் வெளியே ஒரு பேக்கப் எடுக்கிறது என்று உறுதியான பிறகுதான் இந்த வேலை முடிந்ததாக அர்த்தம். அந்த யுஎஸ்பி டிஸ்க்கை இன்றைக்கே வாங்குங்கள். அது வரும்வரை பழைய பெட்டி மெதுவாகவே ஓடட்டும்.