‘லீவு கிடைத்தால் வருவேன்’ என்றான் ரவி

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. ‘லீவு கிடைத்தால் வருவேன்’ என்று ரவி சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல, தமிழில் ஓர் ‘என்றான்’ போதும். அவன் பேச்சு அப்படியே நிற்கும். ஆங்கில அயற்கூற்று அப்படி விடாது. ‘செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கினால், பின்னால் வரும் வினையும் ஒரு படி பின்னே போக வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி.

ரவி சொன்னது: ‘இஃப் ஐ கெட் லீவ், ஐ வில் கம்.’ நாம் சொல்வது: ‘ரவி செட் தட் இஃப் ஹி காட் லீவ், ஹி வுட் கம்.’ கெட், காட் ஆயிற்று. வில், வுட் ஆயிற்று. நிபந்தனை வாக்கியங்களில் இது டைப் 1. இதில் சிக்கல் இல்லை.

குழப்பம் டைப் 2-இல்தான். லீவு கிடைப்பது அரிது என்று தெரிந்தே, ‘இஃப் ஐ காட் லீவ், ஐ வுட் கம்’ என்கிறான் ரவி. விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இதையும் பின்னே தள்ளி, ‘ஹேட் காட்’, ‘வுட் ஹேவ் கம்’ என்று எழுதிவிடும். பொருளே கவிழ்ந்துவிடும்: லீவு கிடைக்கவில்லை, ரவி வரவில்லை, கதை முடிந்தது என்றாகிவிடும்.

இந்தக் ‘காட்’ நேற்றைய சங்கதி அல்ல. நம்பிக்கை குறைவு என்பதன் அடையாளம். நம் ‘கிடைத்தால்’ என்பதையே பாருங்கள். ‘கிடைத்தது’ என்பதில் உள்ள அதே இறந்தகால உருதான் அதிலும் இருக்கிறது. பேசுவதோ நாளையைப் பற்றி. காலத்தைக் காட்டாத வினையைக் காலத்தில் பின்னே தள்ள வேண்டியதில்லை. எனவே ‘ஐ’ மட்டும் ‘ஹி’ ஆகும். முடிந்துபோன கதையைச் சொல்லும் டைப் 3-இல் ஏற்கெனவே ‘ஹேட் காட்’, ‘வுட் ஹேவ் கம்’ என்றுதான் இருக்கிறது. அதற்குப் பின்னே போக இடமில்லை, அதுவும் மாறாது.

இப்போது ஒன்று கவனித்திருப்பீர்கள். டைப் 1, டைப் 2 இரண்டும் அயற்கூற்றில் ஒரே வாக்கியமாகிவிட்டன. ரவி நம்பிச் சொன்னானா, ஏங்கிச் சொன்னானா என்பது சூழலை வைத்துத்தான் தெரியும். லீவு விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்றால், ‘ரவி செட் தட் இஃப் ஹி கெட்ஸ் லீவ், ஹி வில் கம்’ என்று காலத்தை மாற்றாமலே சொல்லலாம். அதுவும் சரியான ஆங்கிலம்தான். ‘செட்’டுக்குப் பதில் ‘செஸ்’ வந்தால் காலத்தை மாற்றும் வேலையே இல்லை.

தேர்வுத்தாளில் டைப் 1-ஐ மாற்றுங்கள். மற்ற இரண்டின் காலத்தைத் தொடாதீர்கள். பேச்சில், கேட்பவருக்கு எது தெளிவோ அதைச் சொல்லுங்கள்.