கணுக்காலும் வயல் வரம்பும்

வயல் வரம்பில் கால் பிரளாத கமக்காரர் நம்மிடையே குறைவு. "சுளுக்குத்தானே" என்று எண்ணெய் பூசிக்கொண்டு மறுநாளே வயலில் இறங்கிவிடுகிறோம். பெரும்பாலும் அது சத்திர சிகிச்சையின்றியே ஆறிவிடும். எலும்புகளைப் பிணைக்கும் வெளிப்பக்க நார் அறுந்து, கால் திரும்பத் திரும்பப் பிரண்டால்தான் அந்தப் பேச்சு வரும். அறுந்த நாரையே இழுத்துத் தைக்கும் முறையை சுவீடன் வைத்தியர் புரொஸ்ட்ரோம் 1966இல் வெளியிட்டார்.

தைத்ததோடு வேலை முடிவதில்லை. முதல் இரண்டு வாரமளவில் காலை ஊன்றக் கூடாது. ஆறு வாரம் வரை கட்டு இருக்கும். பாதம் கீழ்நோக்கி உட்புறம் திரும்பினால் தைத்த நார் இழுபடும். தொழுகை இருப்பில் இடது பாதம் அவ்வாறுதான் மடங்குகிறது. நோயாளி கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு, கூச்சப்பட வேண்டாம். குந்தியிருக்கும் மலசலகூடம் அதைவிடச் சங்கடம். முகாமில் வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நடுவில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் கதிரை போதும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; இரத்தம் உறைந்திருக்கலாம்.

கட்டு அவிழ்த்தபின் இயன்மருத்துவர் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார்: முதலில் சுவரைப் பிடித்து, பின்பு பிடியாமல். விளையாட்டல்ல இது. பாதம் எப்படிச் சரிந்திருக்கிறது என்று மூளைக்கு அறிவிப்பதும் அந்த நார்தான். அந்த உணர்வு திரும்பாமல் வழுக்கும் வரம்பில் நடக்க முடியாது.

பாரவேலைக்கு மூன்று நான்கு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒரு போகம் தவறினால் கடன். அவசரமில்லாவிடில், பெரும்போக அறுவடை முடிந்து பங்குனியில் நாள் தரும்படி வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சிறுபோகம் கைவிட்டுப் போனாலும் ஐப்பசி விதைப்புக்குக் கால் தயாராகும்.