இரும முடியாத உயிர்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்து ஆனைமலைத் தோப்புகளில் ஆடிக் காற்று சுழன்றடிக்கும் நாளிலேயே, மேலே சின்னக்கல்லாறில் மழை விடாமல் கொட்டும். காட்டுப் பாம்பு இதைச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்தால் ஈர மண்ணுக்குள் இறங்கும், நனைந்தால் பாறைமேல் வெயில் காயும். கண்ணாடிப் பெட்டிக்குள் வளரும் ‘பால் பைத்தான்’ எங்கே போகும்? மேற்கு ஆப்பிரிக்காவில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் மலைப்பாம்பு அது.

பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. நம்மைப்போல் இருமிச் சளியைத் தள்ள அதனால் முடியாது. நீண்ட பையாகக் கிடக்கும் நுரையீரலில் தேங்கிய சளி அங்கேயே தங்கிக் கிருமிகளை வளர்க்கும். மூக்கில் குமிழி, வாயோரம் நுரை, மூச்சில் விசில் ஓசை, வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி வைத்திருப்பது: இவையெல்லாம் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆனால் வளர்ப்பவர்கள் பலர் ஈரத்தை மட்டும் பார்க்கிறார்கள், சூட்டை மறந்துவிடுகிறார்கள். வெப்ப விளக்கு எரிந்தால் பெட்டிக்குள் காற்று சூடேறி, ஈரப்பதமானியின் முள் சரியும். உடனே தண்ணீர் தெளிப்பார்கள். இரவில் கரண்ட் போனால் பெட்டி குளிர்ந்து கண்ணாடி வியர்க்கும். அடியில் போட்ட தேங்காய் நார்த்தூள் சொதசொதவென்று ஆகிவிடும். பாம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி உடல் சூட்டை நம்பியே இருக்கிறது. குளிரும் ஈரமும் அடைபட்ட காற்றும் சேர்வதுதான் அதற்கு எமன். வால்பாறையின் மழைக்கால வீடுகளில் இந்த ஆபத்து அதிகம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோடையில் ஏசி அறையில் வைத்தால் நேர்மாறு: மூச்சுப்பாதை உலரும், சட்டை துண்டு துண்டாக உரியும்.

பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருக்கட்டும். காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். ஈரப் பாசி வைத்த மறைவிடம் ஒன்று கொடுங்கள், பாம்பே தேர்ந்துகொள்ளும். இவ்வளவு செய்தும் நோய் வரலாம். மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸை 2014-லேயே கண்டறிந்துவிட்டார்கள். புதிதாக வாங்கிய பாம்பைச் சில மாதங்கள் தனியே வைப்பது அதற்காகத்தான்.

நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு மலைப்பாம்பு வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

குமிழியைப் பார்த்த அன்றே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். வளர்க்க முடியவில்லை என்று ஆனைமலைக் காட்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் நோய் அங்குள்ள பாம்புகளுக்கும் பரவலாம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.