சிற்றுரு ஊரின் விளக்குகள்

புனே நகரின் கோத்ரூடு பகுதியில் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் உள்ளது. அங்கு உண்மையான வண்டியின் 87இல் ஒரு பங்கே உள்ள ரயில் வண்டிகள் ஒரு சிற்றுரு நகரத்தினிடையே ஓடுகின்றன. அறையின் விளக்குகளைக் குறைத்தவுடன் அந்நகரின் சன்னல்கள் ஒளிர்வதைக் கண்ட நம் மாணவர் சிலர், பள்ளிக் கண்காட்சிக்கு அதுபோன்றதொன்றைச் செய்ய விரும்பினர். இயற்பியல் ஆசிரியர் வேறு பணியில் இருந்தமையால் மேற்பார்வை என்னிடம் வந்தது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்று அவ்வாறே கேட்டுக்கொண்டேன்.

தண்டவாளம், நிலையம், ஆறு வீடுகள், நடைமேடையில் எட்டு விளக்குக் கம்பங்கள் எனச் சிற்றூர் உருவாயிற்று. தண்டவாளத்தில்தான் மின்சாரம் வருகிறதே, விளக்குகளையும் அதனோடு இணைத்துவிடலாம் என்று மாணவர் எண்ணினர். எனக்கும் அது சரியாகவே பட்டது. கண்காட்சி நாளில் நடுவர்கள் வந்து நின்றனர். வண்டி ஓடிற்று; வீடுகள் ஒளிர்ந்தன. வண்டி நிலையத்தில் நின்றது. ஊர் முழுவதும் இருண்டது. பின்னோக்கி ஓட்டியபோதும் ஒரு விளக்குகூட எரியவில்லை. "ஐயா, வண்டி நின்றால் ஊரே தூங்கிவிடுகிறதே!" என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நடுவர்கள் சிரித்தனர். இரண்டு மாதம் அட்டையும் பசையுமாய் உழைத்த பிள்ளைகளால் சிரிக்க இயலவில்லை.

காரணம் எளியது. இவ்வகைச் சிற்றுரு வண்டியின் வேகம், தண்டவாளத்திற்குத் தரும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் சுழியத்திலிருந்து 12 வோல்ட் வரை கூடவும் குறையவும் செய்யும். வண்டி நிற்கும்போது தண்டவாளத்தில் அழுத்தம் இல்லை. பின்னோக்கிச் செல்ல நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறுகின்றன. எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடு ஒருவழிப் பாதை போன்றது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். பெரும்பாலானவை எதிர்த்திசையில் 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும் என்னும் உறுதியும் இல்லை. ஆகவே வண்டிக்கு ஒரு மின்வழி, விளக்குகளுக்குத் தனியே வேறொரு மின்வழி வேண்டும். இதனை நாங்கள் தோற்ற பிறகே கற்றோம்.

விளக்குகளுக்கு 12 வோல்ட் நேர்மின்னோட்டம் தரும் அடாப்டர் ஒன்று போதும். பழைய அடாப்டராயின் அதன் மேல் அச்சிட்டதை அப்படியே நம்பற்க. சுமை குறைவாக இருக்கும்போது சில பழைய வகைகளில் அழுத்தம் 16 வோல்ட்டையும் எட்டக்கூடும். மல்ட்டிமீட்டரால் அளந்து பார்த்துவிடுவது நலம். சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரம் உயிரைப் பறிக்கவல்லது. அடாப்டரைத் திறப்பதோ, அலங்காரத் தொடர்விளக்கை வெட்டி வீடுகளில் ஒட்டுவதோ ஒருபோதும் கூடாது. மாணவர் கை படுமிடமெல்லாம் 12 வோல்ட்டே இருத்தல் வேண்டும்.

இனி விளக்கைப் பார்ப்போம். எல்.இ.டி.யின் இரு கால்களுள் நீண்டது நேர்முனை. வெண்ணிற எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. எங்கள் மாணவன் ஒருவன் அதனை 9 வோல்ட் மின்கலத்தோடு நேரடியாக இணைத்தான். அது பளீரென ஒளிர்ந்து, உடனே அணைந்தது. மீண்டும் எரியவே இல்லை. தேவையான அழுத்தத்தைத் தாண்டியவுடன் அதனுள் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. அதனைக் கட்டுப்படுத்தவே மின்தடை தேவைப்படுகிறது.

எவ்வளவு தடை வேண்டும்? சிறிய எல்.இ.டி.க்கள் பொதுவாக 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் ஒரு சிற்றுரு வீட்டிற்கு 5 மில்லி ஆம்பியரே மிகுதி. அதற்கு மேற்பட்டால் வீடு, வீடாகத் தோன்றாமல் கலங்கரை விளக்கமாகத் தோன்றும். 12 வோல்ட்டில் விளக்கு 3 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 9 வோல்ட். ஓமின் விதிப்படி 9ஐ 0.005 ஆம்பியரால் வகுக்க, 1800 ஓம் கிடைக்கும். நடைமேடைக் கம்பம் ஒவ்வொன்றிற்கும் இத்தகைய மின்தடை ஒன்றை வைத்தோம்.

வீடுகளில் அறைக்கு ஒன்றாக மும்மூன்று விளக்குகள். அவற்றைத் தொடரிணைப்பில் கோத்தால் மூன்றும் சேர்ந்து 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 3 வோல்ட்டிற்கு 600 ஓம் வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது 680 ஓம். நீலம், சாம்பல், பழுப்பு ஆகிய வண்ண வளையங்களால் அதனை அறியலாம். மின்னோட்டம் சற்றே குறைந்து 4.4 மில்லி ஆம்பியர் ஆகும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒரு விளக்கு பழுதானால் அவ்வீட்டின் மூன்றும் அணைந்துவிடும் என்பது இம்முறையின் குறை. மூன்று விளக்குகளைப் பக்க இணைப்பில் வைத்து ஒரே மின்தடையை அவற்றுக்குப் பொதுவாக்குதல் அதனினும் தவறு. விளக்குகள் முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஒன்று மிகுதியாக மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ள, மற்றவை மங்கும்.

பலகையின் அடியில் சிவப்பும் கறுப்புமாக இரு முதன்மைக் கம்பிகள் ஓட, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரு கிளைக்கம்பிகள் இறங்கி அவற்றோடு சேரும். முறுக்கிவிட்ட இணைப்பு நாளடைவில் தளரும். ஆகையால் ஈயம் கொண்டு பற்றவைத்தல் வேண்டும். அதற்குப் பழந்தமிழ்ப் பெயர் பற்றாசு. பொற்கொல்லர் அணிகலனின் துண்டுகளை இணைப்பது அதனால்தான். ஆசிடை நேரிசை வெண்பாவில் இடையே வந்து ஓசையை ஒட்டவைக்கும் அசைக்கு 'ஆசு' என்னும் பெயர் வந்ததும் இதனை ஒட்டியே. இலக்கண வகுப்பில் பலமுறை கூறிய சொல்லை, கையில் சூட்டுக்கோலுடன் நின்றபோதுதான் நானே நன்கு உணர்ந்தேன்.

கணக்கு முடிந்தாலும் கண்ணுக்கான வேலை முடியாது. 5 மில்லிமீட்டர் விளக்கை 87 மடங்காக்கினால் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர்; கூடத்தில் ஓர் அண்டாவைத் தொங்கவிட்டதுபோல் ஆகும். எனவே 3 மில்லிமீட்டர் விளக்கையே தேர்ந்து, கூரையின் உட்புறத்தில் மறைத்தோம். அட்டைச் சுவர்களின் வழியே ஒளி கசிந்ததால் உட்புறத்திற்குக் கறுப்பு வண்ணம் பூசி, அதன்மேல் வெள்ளை பூசினோம். அறைகளுக்கிடையே தடுப்பு வைத்தோம். ஒரு வீட்டின் ஓர் அறையை மட்டும் மாணவர் இருளாகவே விட்டனர். ஏன் என்றேன். "அங்குப் பாட்டி உறங்குகிறார், ஐயா" என்றனர். அவ்வீட்டில் இரு விளக்குகளே என்பதால் மின்தடையை மீண்டும் கணக்கிட நேர்ந்தது.

மறு ஆண்டுக் கண்காட்சியில் வண்டி நிலையத்தில் நின்றது. நடைமேடையில் எட்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. நிலையத்தின் கோடியில் சிவப்பு அடையாள விளக்கு ஒன்று வேண்டும். சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டில் எரியும். 12 வோல்ட் மின்வழியில், 5 மில்லி ஆம்பியர் மட்டும் செல்ல எத்தனை ஓம் மின்தடை வேண்டும்? பாட்டி வீட்டின் மின்தடையையும் கண்டுபிடித்து எழுதுக.