1600 மீட்டரும் ஐந்தரை நிமிடமும்: ராணுவ ஓட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது எப்படி?

அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 2023 முதல் எழுத்துத் தேர்வு முதலில் வருகிறது. அதில் தேறியவர்களைத்தான் ஓட்டத்துக்கு அழைக்கிறார்கள். இரவு பகலாகப் படித்து அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிள்ளை, மைதானத்தில் ஏழெட்டு விநாடி பிந்தியதால் வீடு திரும்புவது பெற்றோருக்குத் தாங்க முடியாத வருத்தம். நான்கு ஆண்டுப் பணி, அதன்பின் நான்கில் ஒரு பங்கினர் வரை நிரந்தரம் என்ற இந்தத் திட்டத்தின் நன்மை தீமைகளைப் பேசினால் தனிக் கட்டுரையாகிவிடும். போக விரும்பும் பிள்ளை ஓட்டத்தில் தோற்கக் கூடாது என்பது மட்டுமே இங்கே நமது கவலை.

ஓட வேண்டிய தூரம் 1600 மீட்டர். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று. 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண்ணான 60 கிடைக்கும். 5.45க்குள் வந்தால் 48. முன்பெல்லாம் அத்தோடு கதவு மூடிவிடும். 2025 ஆள்சேர்ப்பில் 6 நிமிடத்துக்குள் வருபவருக்கு 36, 6.15க்குள் வருபவருக்கு 24 என்று மேலும் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். கதவு அகலமாகிவிட்டது என்று யாரும் அசந்துவிட வேண்டாம். இறுதிப் பட்டியலில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு இதுவும் கூட்டப்படுகிறது; 24 வாங்கியவர் 60 வாங்கியவரோடு போட்டியிட வேண்டும். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடித் தேறிய பிள்ளைகள், அதே ஓட்டம் இங்கேயும் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது.

ஐந்தரை நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு எண்பத்திரண்டரை விநாடி, 100 மீட்டருக்கு ஏறக்குறைய இருபதரை விநாடி. நம் தெருவில் பந்து விளையாடும் எந்தப் பையனும் 100 மீட்டரை 15, 16 விநாடியில் ஓடிவிடுவான். ஆக, வேகம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வேகத்தைப் பதினாறு முறை தொடர்ந்து தாங்கும் மூச்சுதான் இல்லை. இந்த ஓட்டத்துக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதி நாம் இழுக்கும் மூச்சுக்காற்றின் துணையோடு உடலில் உண்டாகிறது. அந்தத் திறன் வளர மாதங்கள் ஆகும். தேதி அறிவித்த பிறகு மூன்று வாரம் விழுந்து விழுந்து ஓடினால் வளராது.

பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, தினமும் 1600 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடி நேரம் பார்ப்பது. முதல் இரண்டு வாரம் நேரம் குறையும், பிறகு அப்படியே நின்றுவிடும். ஓய்வில்லாததால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி தொடங்கும். அந்த வலியோடு விடாமல் ஓடினால் எலும்பில் நுண்ணிய கீறலே விழக்கூடும். பிறகு பல வாரங்கள் ஓட முடியாது.

சரியான முறை இதுதான். முதல் நான்கு வாரம் நேரமே பார்க்க வேண்டாம். வாரத்தில் நான்கு அல்லது ஐந்து நாள், பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 3 கிலோமீட்டரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக 5, 6 கிலோமீட்டர் வரை போகலாம். சுப்ஹு தொழுதுவிட்டு நேராக மைதானத்துக்குப் போய்விட்டால் வெயிலும் இருக்காது, பள்ளி கல்லூரியும் கெடாது. தார்ச் சாலையை விட மண் தரை காலுக்கு நல்லது. காலணி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அடிப்பாகம் தேய்ந்து போகாததாக இருந்தால் போதும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து, மெதுவோட்டத்தை மூன்று நாளாகக் குறைத்து, இரண்டு நாள் வேகப் பயிற்சி. ஒரு நாள் 400 மீட்டர் ஓட்டங்கள். இப்போது 6.30ல் முடிக்கும் பையனுக்கு ஒரு சுற்று 97 விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. அவன் ஒரு சுற்றை 92 விநாடியில் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் நடந்து, மூச்சு அடங்கியதும் அடுத்த சுற்று ஓட வேண்டும். இப்படி நான்கு முறை. அது பழகியதும் ஐந்து, ஆறு முறை. பிறகு 90, 87, 84 என்று விநாடியைக் குறைக்க வேண்டும். இன்னொரு நாள் 200 மீட்டரை 38, 39 விநாடியில் ஆறு முதல் எட்டு முறை. மற்ற இரண்டு நாள் முழு ஓய்வு. முழு 1600ஐ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரம் வைத்து ஓடிப் பார்த்தால் போதும். இத்தனைக்கும் மூன்று, நான்கு மாதம் கையில் இருக்க வேண்டும். ஆகவே எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே ஓடத் தொடங்க வேண்டும். முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அன்றைய ஓட்டத்திலும் கணக்கு இருக்கிறது. கூட்டமாக ஓட விடுவதால் எல்லோரும் முதல் சுற்றில் பாய்வார்கள். 70 விநாடியில் முதல் சுற்றை முடிப்பவன் மூன்றாம் சுற்றில் கால் கனத்து நின்றுவிடுவான். 80, 84, 85, 81 என்று ஓடினால் சரியாக ஐந்தரை நிமிடம். அதேபோல் உள்கோட்டை ஒட்டி ஓடுவது முக்கியம். ஒரு பாதை வெளியே தள்ளி ஓடினால் சுற்றுக்கு ஏழரை மீட்டர் கூடுகிறது. நான்கு சுற்றுக்கு 30 மீட்டர், அதாவது ஆறு விநாடி. எத்தனையோ பேர் தோற்பது இந்த ஆறு விநாடியில்தான்.

நோன்பு மாதம் பயிற்சியின் நடுவே வந்தால் பயிற்சியை விட வேண்டியதில்லை. நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது மெதுவோட்டம் மட்டும். வேகப் பயிற்சியைத் தராவீஹுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அளவையும் குறைத்துக்கொள்ளலாம். பேரீச்சம்பழத்தோடும் நோன்புக் கஞ்சியோடும் முட்டையும் பருப்பும் சேரட்டும். வறுத்த பண்டங்களைத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு பிடித்துக்கொள்ளும். இரவில் தண்ணீரை இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும்.

ஓடும் முன் போட்டுக்கொள்ளும் ஊசி, மாத்திரை பற்றிப் பெற்றோர் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஊக்க மருந்துக்கு அங்கே தடை உண்டு. தடை ஒருபுறம் இருக்க, உடலில் நீர் வற்றிய நிலையில் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் ஓடும்போது தலை சுற்றி, பேச்சுக் குழறினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உயிர் போகும் விஷயம் அது.

மாதக்கணக்கில் ஓடுவதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. தட்டைப் பாதம், நிற்கும்போது முழங்கால்கள் இரண்டும் ஒட்டுவது, நிறக்குருடு போன்றவற்றுக்காக ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளைகளையும் மருத்துவச் சோதனையில் திருப்பி அனுப்புகிறார்கள். இரத்தச்சோகை இருந்தால் எவ்வளவு ஓடினாலும் நேரம் குறையாது. அதைச் சோதிக்கச் சில நிமிடம் போதும். ஓட்டத்துக்குப் பிறகு கம்பியைப் பிடித்து உடலை மேலே தூக்கும் சோதனை இருக்கிறது. பத்து முறை தூக்கினால் 40 மதிப்பெண். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் கம்பியிலும் தொங்கிப் பழகட்டும்.

கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்க வைக்க வேண்டும். பெரும்பாலும் விடியும் முன்பே வரிசையில் நிற்கச் சொல்வதால், வெளியூர் என்றால் முந்தைய நாள் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இரவு முழுவதும் பேருந்தில் நின்றுகொண்டு போய் இறங்கும் பிள்ளையால் ஐந்தரை நிமிடத்தில் ஓட முடியாது. பையில் இரண்டு வாழைப்பழமும் தண்ணீரும், பலமுறை ஓடிப் பழகிய அதே காலணியும் இருக்கட்டும். புதுக் காலணியை அன்று போட வேண்டாம்.